பாம்படோர் கொண்டை: முதல் முறை போடுபவர்களுக்கு

பாம்படோர் போடக் கற்றுக்கொள்கிறேன் என்றதும் எங்கள் பெரியம்மா, "காது வளர்த்திருந்தால்ல பாம்படம் போட முடியும், உனக்கு எங்கே போக?" என்றார். அவர் நினைத்தது தெற்கத்திக் கிழவிகளின் காதில் ஊஞ்சலாடிய பாம்படத்தை. நான் சொன்னது தலைக்கு. நெற்றிக்கு மேலே முடியைத் தூக்கி வளைத்து, பந்து போல உப்ப வைத்துப் பின்னால் கொண்டு போய்ச் சொருகுவது. நாம் 'பஃப்' என்று சொல்கிறோமே, அதற்கு அக்கா முறை.

எனக்கு இது தேவைப்பட்டது அக்கா மகளின் கல்லூரி நாடகத்துக்காக. கதை 1905 வாக்கில் நடக்கிறது, மூன்று பெண்களுக்குத் தலை அலங்காரம், செய்ய ஆள் இல்லை, சித்தி நீதான் என்று என் தலையில் கட்டிவிட்டாள். முதல் ஒத்திகையில் நான் போட்ட கொண்டை இரண்டாவது காட்சி முடிவதற்குள் ஒரு பக்கமாகச் சரிந்து, வெயிலில் வைத்த அல்வா மாதிரி நின்றது. அப்புறம்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயருக்குரிய பாம்படோர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். இது வெறும் கதைக்காக இல்லை. எந்தக் காலத்து பாம்படோர் என்று தெரியாமல் ஆரம்பித்தால் தப்பான படத்தைப் பார்த்துத் தப்பான கொண்டை போடுவீர்கள். நான் போட்டேன்.

பிறந்தபோது அவர் பெயர் ழான் அந்துவானெத் புவாஸோன். பாரிஸ், 1721 டிசம்பர் 29. புவாஸோன் என்றால் பிரெஞ்சில் மீன். பிரபு வம்சம் கிடையாது. பிற்காலத்தில் இவரைப் பிடிக்காதவர்கள் கட்டிவிட்ட நக்கல் பாட்டுகளுக்குக்கூட அந்த மீன் பெயரை ஒட்டியே பெயர் வந்தது. 1741இல் கல்யாணம் ஆனது. 1745 பிப்ரவரியில் வெர்சாய் அரண்மனையில் இளவரசர் திருமணத்தை ஒட்டி ஒரு முகமூடி விருந்து. பதினைந்தாம் லூயி மன்னர் அதற்கு வடிவாகக் கத்தரித்த மரம் போல வேஷம் கட்டி வந்தார், கூடவே அதே வேஷத்தில் சில தோழர்கள், ராஜா எந்த மரம் என்று யாருக்கும் தெரியக்கூடாதாம். ழானும் அந்த விருந்தில் இருந்தார், அந்த வருடமே மன்னரின் ஆசைநாயகி ஆனார். அங்கே அது ஒளித்து வைக்கிற உறவு இல்லை, அரசவையில் முறைப்படி அறிமுகப்படுத்தப்பட்ட பதவி. பாம்படோர் சீமாட்டி என்ற பட்டமும் நிலமும் அப்போது வந்ததுதான்.

1750 வாக்கில் படுக்கையறை உறவு முடிந்துவிட்டது. ஆனாலும் 1764 ஏப்ரல் 15 அன்று, 42 வயதில், வெர்சாயிலேயே இறக்கும் வரை மன்னருக்கு நெருக்கமான தோழியாகவும் யோசனை சொல்பவராகவும் இருந்தார். வான்சேனில் இருந்த பீங்கான் ஆலை 1756இல் செவ்ருக்கு மாறியதில் அவர் பங்கு பெரிது. 1756இல் தொடங்கிய ஏழாண்டுப் போரில் பிரான்ஸ் அடி வாங்கியபோது பழியும் அவர் தலையில் விழுந்தது. அதே போரில்தான் 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த பக்கம்.

சரி, முடிக்கு வருவோம். பூஷே என்ற ஓவியர் 1756இல் வரைந்த அவருடைய பெரிய ஓவியம் மியூனிக்கில் இருக்கிறது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், பாருங்கள். தலையைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். முடி நெற்றியிலிருந்து பின்னுக்கு வாரப்பட்டு, தலையோடு ஒட்டி, சின்னதாக, அடக்கமாக இருக்கும். மேலே பொடி, ஓரமாகக் குட்டிப் பூக்கள், அவ்வளவுதான். உயரம் என்பதே இல்லை. அந்தக் காலத்தில் நாகரிகமே அதுதான்: தலைக்கு நெருக்கமாகச் சின்னச் சின்னச் சுருள்கள். அதற்கு ஆட்டுத்தலை என்ற அர்த்தத்தில் ஒரு பெயரும் இருந்தது. பிரான்சில் தலைக்கு மேல் கோபுரம் கட்டுகிற அலங்காரங்கள் வந்தது 1770களில், ராணி மரி அந்துவானெத் காலத்தில். பாம்படோர் அம்மா செத்துப் பத்து வருடம் கழித்து.

அப்புறம் ஏன் இந்தப் பெயர்? அவர் பெயர் அந்தக் காலத்தில் எதற்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்ட பெயர். ஒரு ரோஸ் நிறம், பூப்போட்ட ஒரு துணி, கைப்பை, எல்லாம் பாம்படோர். ஊதாப் பட்டி வைத்த சட்டை போட்ட ஒரு பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவுக்குக்கூட அதுவே பட்டப்பெயர். இலங்கையில் ஒரு பச்சைப்புறா இருக்கிறது, ஆண் பறவையின் முதுகில் ஊதா கலந்த சிவப்பு ஓடும், அதன் அறிவியல் பெயரில் இன்றும் 'பொம்படோரா' உட்கார்ந்திருக்கிறது. அந்த வரிசையில்தான், 19ஆம் நூற்றாண்டு முடியப் போகிற நேரத்தில், நெற்றியை முழுக்கத் திறந்து முடியைப் பின்னுக்கு வாரும் அலங்காரம் புதிதாக வந்தபோது, பழைய பிரெஞ்சு ஓவியங்களின் ஞாபகத்தில் இதற்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். ஓவியத்தில் இருந்தது திறந்த நெற்றி மட்டும். உயரம் பிற்காலத்தவர்கள் சேர்த்தது.

(ராஜாவின் காதலி பெயரில் வந்த முதல் அலங்காரம் இதுவும் இல்லை. பதினான்காம் லூயியின் காதலி ஃபோந்தாஞ்ஜ், 1680 வாக்கில் வேட்டையில் தொப்பி பறந்துபோக, கிடைத்த ரிப்பனால் முடியைக் கட்டிக்கொண்டாராம், ராஜா சொக்கிப்போனாராம். மறுநாளே அரண்மனை முழுக்க ரிப்பன் என்று கதை. அந்தப் பெண் 1681இல் மிகச் சின்ன வயதில் இறந்துவிட்டார். அவர் பெயரில் வந்த தலைக்கட்டு மட்டும் கம்பி வைத்து லேஸ் வைத்து உயர்ந்துகொண்டே போனது.)

ஆக, நாம் போடப்போவது 1900களின் பாம்படோர். அமெரிக்க ஓவியர் சார்ல்ஸ் டானா கிப்ஸன் பத்திரிகைகளில் வரைந்த 'கிப்ஸன் பெண்' தலையில் இருப்பது. பழைய குடும்பப் படங்களில் வெள்ளைக்கார மேடம்கள் தலையில் ஒரு மெத்தை வைத்தது போல இருப்பார்களே, அதுதான். ஜப்பானில்கூட அந்தக் காலத்தில் இது பரவியது. முன்முடி வீட்டு இறவாரம் போல நெற்றிக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்கு இறவாரக் கூந்தல் என்று பொருள்படும்படி பெயர் வைத்தார்கள். என்ன அழகான பெயர்!

இப்போது ரகசியம். அந்தப் பெண்களுக்கு நம்மைவிட முடி அதிகம் என்று நினைக்காதீர்கள். உள்ளே எலி இருந்தது. ஆமாம், ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே எலி. சீப்பில் வருகிற உதிர்ந்த முடியைச் சேர்த்து வைத்து, உருட்டி, வலைக்குள் திணித்துச் செய்த திண்டு. சேர்த்து வைப்பதற்கென்றே அலங்கார மேஜையில் மூடியில் ஓட்டை போட்ட ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும், வாரி முடித்ததும் சீப்பிலிருந்து எடுத்த முடியைச் சுருட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளுவார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆச்சி செய்ததும் இதேதான். பீங்கான் கிண்ணத்துக்குப் பதில் ஓட்டு இறவாரத்தின் இடுக்கு. வாரி முடித்ததும் முடியை விரலில் சுற்றி அங்கே சொருகிவிடுவார், சேர்ந்ததும் சவுரியாகும். பின்னலை நீளமாக்க நாம் சவுரி வைத்தோம், முன்முடியை உயரமாக்க அவர்கள் எலி வைத்தார்கள்.

எலி செய்வதிலிருந்தே ஆரம்பியுங்கள்

சொந்த முடி சேரும் வரை காத்திருக்க முடியாது என்பதால், பழைய சவுரியைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் செயற்கை முடி. உங்கள் முடியின் நிறத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும், ஏனென்றால் எங்கேயாவது ஒரு இடுக்கில் அது எட்டிப் பார்க்கத்தான் செய்யும். பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டு அல்லது மெல்லிய கொண்டை வலைக்குள் அதைத் திணித்து இரண்டு முனையையும் தைத்துவிடுங்கள். நீளம் ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை எட்ட வேண்டும். நான் செய்தது 28 சென்டிமீட்டர். நடுவில் மூன்று விரல் கனம், இரண்டு ஓரமும் மெலிந்து, பிறை போல. பஞ்சு வைக்காதீர்கள். முதல் தடவை நான் பஞ்சுதான் வைத்தேன், ஹேர்பின் அதில் பிடிக்கவே பிடிக்காது, அல்வா கதை அப்படி நடந்ததுதான். முடிக்குள் குத்திய ஹேர்பின் மட்டும்தான் நிற்கும். கடையில் விற்கும் ஸ்பஞ்ச் பஃப் சின்ன தூக்கலுக்குப் போதும், இதற்குப் போதாது.

மற்ற சாமான்கள்: வால் சீப்பு ஒன்று, மிருதுவான பிரஷ் ஒன்று, கறுப்பு ஹேர்பின் ஒரு அட்டை, கொண்டை ஊசி ஒரு டஜன் (மலைப்பாதை வளைவுக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஊசிதான்), இரண்டு ரப்பர் பேண்ட், ஹேர் ஸ்ப்ரே. சட்டை பட்டன் வைத்ததாக இருக்கட்டும். கொண்டை போட்டு முடித்த பிறகு கழுத்து வழியாக டாப்ஸை மாட்டப் போராடிய பெண்ணை ஒத்திகை அறையில் பார்த்திருக்கிறேன், பாவம்.

முதல் நாளே தலை குளித்துவிடுங்கள், அன்றைக்கு வேண்டாம்

அன்று குளித்த முடி வழுக்கும், எதிலும் நிற்காது. எண்ணெய் வைத்த தலையும் ஆகாது, படிந்துவிடும். ஒரு நாள் பழைய, காய்ந்த, எண்ணெய் இல்லாத முடிதான் சரி. முந்தின ராத்திரி லேசான ஈரத்தில் நாலைந்து பின்னலாகப் பின்னிப் படுத்தால் காலையில் பிரிக்கும்போது நெளி விழுந்து அடர்த்தி கூடும். நேர்முடிக்காரர்கள் இதை விடவே கூடாது.

இன்னும் வழுக்குகிறதா? வேர்க்காலில் சிட்டிகை சோளமாவைத் தூவி விரலால் தேய்த்துவிடுங்கள், கறுப்பு முடியில் வெள்ளை தெரியாத அளவுக்கு. இது பாம்படோர் அம்மா காலத்து வேலையின் ஏழை வடிவம். அவர்கள் முதலில் பன்றி, ஆட்டுக் கொழுப்பில் செய்த களிம்பைப் பூசி அதன் மேல் மாவுப்பொடி அடிப்பார்கள். களிம்பும் பொடியும் சேர்ந்தால் முடிக்கு ஒரு பிடி கிடைக்கும், வளைத்த இடத்தில் நிற்கும். நாற்றம் அடிக்காமல் இருக்க அந்தக் கொழுப்பின் மேல் மல்லிகை போன்ற பூக்களைப் பரப்பி வாசனை ஏற்றுவார்கள். நாம் பூவைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டோம், நல்லது. பொடி உடுப்பில் விழாமல் இருக்கத் தோளைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொள்வார்கள். பூஷே 1758இல் வரைந்த இன்னொரு ஓவியத்தில் அவர் அந்தத் துணியோடு அலங்கார மேஜை முன்னால் உட்கார்ந்து கன்னத்துக்குச் சிவப்பு பூசிக்கொண்டிருக்கிறார், கையில் மன்னரின் முகம் செதுக்கிய வளை. பார்லரில் நமக்குக் கட்டுகிற துணியின் பாட்டி அது.

பிரிப்பது, திண்டு வைப்பது

வால் சீப்பின் வாலால் ஒரு காதின் மேலிருந்து உச்சி வழியாக மறு காது வரை ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் உள்ள முடி எல்லாம் உச்சிக்குச் சற்றுப் பின்னால் உயரமான குதிரைவாலாக. இறுக்கிக் கட்டுங்கள், மொத்தக் கட்டடத்துக்கும் அதுதான் தூண். முன்னால் உள்ள முடி முகத்தின் மேல் திரை போல விழட்டும். வகிடு எடுக்காதீர்கள். நம் கை தானாக வகிடு எடுக்கப் போகும், பழக்க தோஷம், தடுத்து நிறுத்துங்கள்.

எலியை அந்தக் கோட்டின் மேல் வைத்து ஹேர்பின்களால் பொருத்த வேண்டும். ஒரு பின் மட்டும் குத்தினால் நழுவும். ஒன்றின் மேல் ஒன்று பெருக்கல் குறி போல இரண்டு, அப்படி ஐந்து இடத்தில். ஹேர்பின்னில் நெளிந்த பக்கம் தலையோட்டைத் தொட வேண்டும், நேர் பக்கம் மேலே. நான் முப்பது வருடமாக மாற்றிக் குத்திக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வைத்து முடித்ததும் தலையை உலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எலி அசைந்தால் எடுத்துவிட்டு மறுபடி. இங்கே சோம்பல்பட்டால் மேடையில் அசிங்கப்பட வேண்டும்.

முன்முடி

இதுதான் வேலையே. பார்லரில் பேக்கோம்பிங் என்பார்கள்: முடியை எதிர்த்திசையில் வாரி வேண்டுமென்றே சிக்காக்குவது. அம்மா பார்த்தால் அடிப்பார். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கற்றையை எடுத்து நேர் மேலே இழுத்துப் பிடித்து, முகத்துப் பக்கம் இல்லாமல் பின்பக்கமாகச் சீப்பை வைத்து, பாதி நீளத்திலிருந்து வேர் நோக்கி மூன்று நான்கு முறை தள்ளுங்கள். வேரருகே சின்ன மெத்தை உண்டாகும். நிறுத்திவிட்டு அடுத்த கற்றை. நெற்றி ஓரத்தில் உள்ள முதல் வரிசையை மட்டும் சிக்காக்காமல் விட்டுவிட வேண்டும், அதுதான் மேலே வழவழவென்று மூடப்போகும் திரை.

எல்லாக் கற்றையையும் சேர்த்துப் பின்னுக்குப் புரட்டுங்கள். எலி மறையும். மிருதுவான பிரஷால் மேலாக உள்ள முடியை மட்டும் தடவுவது போல வாருங்கள், அழுத்தினால் உள்ளே கட்டியதெல்லாம் கலைந்துவிடும். நுனிகளை ஒன்றாகப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி, குதிரைவால் அடிவாரத்தில் வைத்து, குத்துவதற்கு முன் கையை ஒரு அங்குலம் முன்னே தள்ளுங்கள். அந்த ஒரு தள்ளலில் முன்பக்கம் எழும்பி நெற்றிக்கு மேலே வந்து நிற்கும். இறவாரம்! அப்படியே பிடித்துக்கொண்டு பின் குத்துங்கள். உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் ஹேர்பின்னை முன்கூட்டியே பல்லில் கடித்து வைத்திருப்பது உலக வழக்கம்.

காதோரம் மட்டும் கவனமாகப் பாருங்கள். அங்கே முடி குறைவு, எலியின் முனை வெளியே தெரியும். கொண்டை ஊசியை எடுத்து மேல் முடியில் கொஞ்சம் மாட்டி, பிறகு ஊசியைத் திருப்பி எலிக்குள் செருகுங்கள். வெளியே ஊசி தெரியாது, முடியும் நகராது.

குதிரைவாலை முறுக்கிச் சுற்றி உச்சியில் சின்னக் கொண்டையாக முடித்துவிடுங்கள், அதற்குப் பாடம் தேவையில்லை, நமக்குக் கை வந்த வேலை. கடைசியில் ஒரு முழம் தள்ளி நின்று ஸ்ப்ரே. கண்ணாடியில் நேரே பார்த்தால் மட்டும் போதாது, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள், சரிவு இருந்தால் அதில்தான் தெரியும். வால் சீப்பின் வாலை உள்ளே விட்டு அமுங்கிய இடத்தை மெதுவாகத் தூக்கிவிடலாம். நெற்றியில் பிசிறு நாலு முடி விழுந்தால் விட்டுவிடுங்கள், பழைய படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது.

முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும். நாலாவது முறை எனக்கு 25 நிமிடம். தோளுக்குக் கீழே ஒரு சாண் நீளம் இருந்தால் சுலபம். தோள்வரை மட்டும் உள்ளவர்களுக்கும் வரும், கொண்டைக்குத் தனியாகச் சவுரி வைக்க வேண்டியிருக்கும். அடர்த்தி அதிகமான சுருட்டை முடிக்காரர்களுக்கு எலியே தேவைப்படாது, பேக்கோம்பிங்கும் வேண்டாம், பொறாமையோடு சொல்கிறேன்.

ஆண்களுக்கு

இதே பெயரில் ஆண்கள் தலை அலங்காரம் ஒன்று 1950களில் பிரபலமாக இருந்தது. எல்விஸ் பிரெஸ்லி தலை ஞாபகம் இருக்கும். பக்கங்களை ஒட்ட வெட்டி, உச்சியில் நீளம் விட்டு, முன்னால் மட்டும் இன்னும் நீளமாக, குறைந்தது நாலு அங்குலம். சலூனில் பெயரைச் சொன்னால் புரியாமல் போகலாம், படத்தைக் காட்டிவிடுங்கள். பாதி ஈரத்தில் உருண்டை பிரஷால் வேரிலிருந்து மேலும் பின்னுமாக இழுத்தபடி டிரையர் காட்ட வேண்டும், உயரம் வருவது அந்தச் சூட்டில்தான். அப்புறம் பட்டாணி அளவு போமேடை (முடிக்குப் பூசும் களிம்பு) உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, பின்னாலிருந்து முன்னால் தடவி, சீப்பால் ஒரே இழுப்பு. பலரும் முன்னாலேயே மொத்தத்தையும் அப்பிவிடுகிறார்கள், கனம் தாங்காமல் பத்து நிமிடத்தில் கவிழ்கிறது. தண்ணீரில் கரையும் வகையை வாங்குங்கள். எண்ணெய் வகை பளபளப்பாகத்தான் இருக்கும், ஆனால் கழுவப் போனால் ஷாம்பு பாட்டில் பாதி காலி.

பிரிப்பது

ராத்திரி அப்படியே படுத்துவிடாதீர்கள். முதலில் பின்களை எண்ணி எடுங்கள், குத்தும்போது எண்ணியிருந்தால் நல்லது (எங்கள் மூன்று பெண்களில் ஒருத்தி தலையில் மறுநாள் குளிக்கும்போது இரண்டு கிடைத்தது). எலியை உருவி எடுத்ததும் விரலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போகிறபடி சிக்கை விடுவிக்க வேண்டும். வேரிலிருந்து சீப்பை இழுத்தால் கொத்தாக வரும். அடிக்கடி பேக்கோம்பிங் செய்தால் முடி அறுந்துபோகும், நாடகம் மூன்று நாள் என்றால் நடுநாள் வெறும் எலியோடு சமாளியுங்கள்.

எவ்வளவு பதமாகப் பிரித்தாலும் சீப்பில் கொஞ்சம் முடி வரும். அதைக் குப்பையில் போடுவதை நான் நிறுத்திவிட்டேன். மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது. பெரியம்மா வந்தால் அதைத்தான் முதலில் பார்க்கிறார், பாதி நிரம்பிவிட்டதா என்று.